காலத்தை எண்ணும் பெட்டி

தாளக் கருவி, சுரங்களை எழுப்பும் சிந்தசைசர், இவ்விரண்டையும் உரிய கணத்தில் ஒலிக்கச் செய்யும் சீக்வென்சர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும் மின்னணு இசைக்கருவிக்கு க்ரூவ்பாக்ஸ் என்று பெயர். கணினியோ ஒலிப்பதிவுக் கூடமோ இல்லாமல், அதை மடியில் வைத்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால், தாளம், அடிச்சுரம், மெட்டு என ஒரு முழு உருப்படிக்கு வேண்டிய அடுக்குகள் அனைத்தையும் ஒருவரே வீட்டிலிருந்தபடி அமைத்துவிட முடியும். 'க்ரூவ்' என்பது, தாளம் தொடர்ந்து சுழலும்போது கேட்பவரின் தலையையும் காலையும் தாமாகவே அசைய வைக்கும் இழுப்பைக் குறிக்கும் இசையாளர் வழக்கு; அச்சொல்லோடு பெட்டியைச் சேர்த்து வணிகப் பெயராக்கியது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், 1996இல் வெளியிட்ட எம்.சி.-303 என்ற கருவிக்காக. அதன் பின்னர் கோர்க் நிறுவனத்தின் எலெக்ட்ரைப் வரிசை (1999), நொவேஷனின் சர்க்யூட் (2015), சுவீடனில் எலெக்ட்ரான் உருவாக்கிய டிஜிடாக்ட் (2017) என்று பல வந்தன. அதே சுவீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் 2015இல் கொண்டுவந்த பாக்கெட் ஆப்பரேட்டர், கால்குலேட்டர் அளவே உடையது, இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரிகளில் ஓடுவது.

இக்கருவிகளை அறிமுகப்படுத்தும் கையேடுகள் பெரும்பாலும் ஒலியிலிருந்து தொடங்குகின்றன. எத்தனை வகை ஒலிகள், எத்தனை எஃபெக்டுகள் என்ற பட்டியலே விளம்பரங்களிலும் முன்னால் நிற்கிறது. ஆனால் க்ரூவ்பாக்ஸின் இயல்பைப் புரிந்துகொள்ள அதன் கடிகாரத்திலிருந்து தொடங்குவதே முறை. உள்ளிருக்கும் ஒலிகள் அனைத்தையும் அழித்துவிட்டு வேறு ஒலிகளை ஏற்றினாலும் அது க்ரூவ்பாக்ஸாகவே இருக்கும். எண்ணும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் ஒலிக் களஞ்சியம். இந்தப் பெட்டி முதலில் எண்ணுகிறது, பிறகே ஒலிக்கிறது.

எண்ணிக்கையின் அளவு, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. வேகத்தை 120 என்று வைத்தால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. ஒவ்வொரு தட்டும் நான்காகப் பிரிக்கப்பட, அந்தக் காற்பகுதி 'ஸ்டெப்' எனப்படும் படியாகிறது. ஒரு படிக்கு 125 மில்லி விநாடி, பதினாறு படிகள் கொண்ட ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு விநாடி. படிகளுக்கு அடியில் இன்னும் நுண்ணிய துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற பொதுமொழி, ஒரு தட்டுக்கு 24 துடிப்புகள் என்று வரையறுத்தது. அதன்படி ஒரு படி என்பது ஆறு துடிப்பு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் நிறுவனர் இகுடாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்த மொழி வருவதற்கு முன்பு, ஒரு நிறுவனத்தின் தாளக் கருவியையும் இன்னொரு நிறுவனத்தின் சிந்தசைசரையும் ஒரே காலத்தில் ஓட்டுவது பெரும்பாடாக இருந்தது. போட்டியாளர்கள் கூடி, எவருக்கும் கட்டணமில்லாத ஒரு பொதுவிதியை வகுத்துக்கொண்டது தொழில்நுட்ப வரலாற்றில் அரிதாகவே நிகழும் செயல்; அதற்காக 2013இல் அவ்விருவருக்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது மிகவும் பொருத்தம்.

எண்ணுவது மட்டும் போதாது. எந்த எண்ணில் எந்த ஒலி எழ வேண்டும் என்று எழுதி வைக்கும் இடமும் வேண்டும். 1959இல் வுர்லிட்சர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சைட்மேன் என்ற தாள இயந்திரத்தில் அந்த இடம் ஒரு சுழலும் வட்டு: மோட்டார் சுற்றச் சுற்ற, வட்டின் மேல் பதித்த உலோக முனைகள் ஒவ்வொன்றாக மின்சுற்றை இணைத்து ஒலிகளை எழுப்பின. வட்டில் பதித்த தாளங்களைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, புதிதாக ஒன்றை எழுத முடியாது. 1980இல் ரோலண்ட் வெளியிட்ட டி.ஆர்.-808இல் அந்த வட்டம் நேர்கோடாக விரிந்தது. கருவியின் அடிப்பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக நிறம் தீட்டிய பதினாறு பொத்தான்கள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் சிறு விளக்கொளி இடமிருந்து வலமாக ஓடி, கடைசியை எட்டியதும் மீண்டும் முதலிடத்துக்குத் திரும்புகிறது. எந்தப் பொத்தானை அழுத்தி வைத்தார்களோ, ஒளி அதைக் கடக்கும் கணத்தில் அந்த ஒலி எழுகிறது.

காதால் மட்டுமே பிடிக்க முடிந்த காலத்தைக் கண்ணால் காணும் இடமாக மாற்றிய இந்த எளிய ஏற்பாட்டின் விளைவு பெரிது. 1, 5, 9, 13 ஆகிய படிகளில் 'கிக்' எனப்படும் பெருமுரசின் ஒலியையும், 5, 13 ஆகியவற்றில் 'ஸ்னேர்' எனப்படும் சலங்கைப் பறையொத்த ஒலியையும், 3, 7, 11, 15 ஆகியவற்றில் 'ஹை-ஹேட்' எனப்படும் சிறு ஜால்ரா ஒலியையும் வைத்தால், உலகின் நடன அரங்குகள் பலவற்றிலும் ஒலிக்கும் அடிப்படைத் தாளம் கிடைத்துவிடுகிறது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவரும், இதுவரை எந்த வாத்தியத்தையும் தொடாதவரும், ஒரு பொத்தானை ஒரு படி இடப்பக்கம் நகர்த்தினால் தாளத்தின் நடை எப்படி மாறுகிறது என்பதைக் கண்டும் கேட்டும் அறிய முடிகிறது. கர்நாடக சங்கீதத்தில் கைத்தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது: எட்டு அட்சரங்கள் கொண்ட ஆதி தாளத்தைச் சதுஸ்ர நடையில் வைத்தால் முப்பத்திரண்டு மாத்திரைகள் வரும், அது இரண்டு பதினாறு படி வரிசைகளில் சரியாக அடங்கும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. கைத்தாளத்தில் தட்டுக்கும் வீச்சுக்கும் விரல் எண்ணிக்கைக்கும் தனித்தனி நிலை உண்டு. பெட்டிக்கோ முதற்படியும் ஏழாம்படியும் ஒன்றே. தாளச் சுற்றின் தொடக்கமான சமம் எங்கே விழுகிறது என்ற உணர்வைக் கருவி தருவதில்லை, கேட்பவரின் மனம்தான் தருகிறது.

பதினாறு என்ற எண் இயற்கை விதியன்று. மேற்கத்திய நான்கு தட்டு நடையை நான்கால் பெருக்கிக் கிடைத்த வசதி மட்டுமே. இன்றைய க்ரூவ்பாக்ஸ்கள் பலவற்றில் ஒவ்வொரு தடத்தின் நீளத்தையும் தனித்தனியே மாற்றலாம். ரூபக தாளத்துக்குப் பன்னிரண்டு படி, மிச்ர சாபுவுக்குப் பதினான்கு, கண்ட சாபுவுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடச் சுவையானது, இரண்டு தடங்களுக்கு இரண்டு நீளங்களைக் கொடுப்பது. ஒன்றுக்குப் பதினாறு, மற்றொன்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால், இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்று வெவ்வேறு விதமாகப் படிந்து, அவ்விரு எண்களின் மீச்சிறு பொது மடங்கான 48ஆவது படி முடிந்த பிறகே மீண்டும் கைகோக்கின்றன. பள்ளிக் கணக்கில் விடைத்தாளோடு முடிந்துபோன ஒரு கருத்து இங்கே காதில் விழுகிறது. இரண்டே வரிகளை எழுதி ஆறு விநாடி நேரம் திரும்ப வராத இசையைப் பெறும் இந்த வழி, நினைவகம் குறைவான சிறு கருவிகளில் மிகுந்த பயன் தருவது.

கணக்குக்கும் தாளத்துக்கும் உள்ள உறவில் இன்னும் வியப்பான ஒரு பக்கத்தைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினியியலாளர் காட்ஃபிரைட் டூசான் 2005இல் எடுத்துக்காட்டினார். எட்டுப் படிகளில் மூன்று அடிகளை இயன்றவரை சமமான இடைவெளியில் பரப்ப வேண்டும் என்பது சிக்கல். எட்டு மூன்றால் மீதியின்றி வகுபடாததால் முழுச் சமம் கிடைக்காது. மூன்று அடிகளுக்கும் பின்னால் ஆளுக்கொரு மௌனத்தை வைத்தால் இரண்டு மௌனங்கள் மிஞ்சும்; மிஞ்சியவற்றை முதலிரண்டு அடிகளுக்குப் பகிர்ந்தால் இடைவெளிகள் மூன்று, மூன்று, இரண்டு என்று அமையும். 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பார்த்தால் அதன் ஓட்டம் உடனே நாவில் வந்துவிடும். கியூபாவில் இதே அமைப்புக்கு 'ட்ரெசில்லோ' என்று பெயர். எட்டில் ஐந்து அடிகளைப் பரப்பினால் அங்கே வழங்கும் இன்னொரு தாளமான 'சின்கில்லோ' கிடைக்கிறது. மிஞ்சியதை மீண்டும் மீண்டும் பகிரும் இந்த முறையும், இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண யூக்ளிட் வகுத்த வழியும் அமைப்பில் ஒன்றே என்பதால், இவை யூக்ளிடியத் தாளங்கள் எனப் பெயர் பெற்றன. டூசான் கையாண்ட செய்முறை, நியூட்ரான்களை உருவாக்கும் துகள் முடுக்கி ஒன்றின் நேர ஒழுங்குக்காக பியோர்க்லண்ட் என்பவர் எழுதியது. முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் எழுந்த கேள்விக்கும், தலைமுறை தலைமுறையாகத் தோலில் கைவைத்து வாசித்தவர்கள் கண்டடைந்த நடைக்கும் ஒரே விடை வந்திருக்கிறது. இன்று பல க்ரூவ்பாக்ஸ்களில், அடிகளின் எண்ணிக்கையை ஒரு திருகால் மாற்றினால் கருவியே அவற்றைப் பரப்பிக் கொடுக்கிறது.

இத்தனை துல்லியமும் ஒரு குறையைத் தன்னுடனே கொண்டுவருகிறது. மனிதர் வாசிக்கும்போது எந்த இரண்டு அடிகளும் முற்றிலும் சம இடைவெளியில் விழுவதில்லை. இயந்திரத்திலோ எல்லாமே விழுகின்றன. கையால் தட்டிய அடியை அருகிலுள்ள படிக்கு இழுத்து நேராக்கும் செயலுக்குக் 'குவான்டைஸ்' என்று பெயர். இந்த வசதியை 1980இல் வந்த தம்முடைய எல்.எம்.-1 தாளக் கருவியில் சேர்த்த அமெரிக்க வடிவமைப்பாளர் ரோஜர் லின், அதற்கான மருந்தையும் உடனேயே சேர்த்தார், அதுவே 'ஸ்விங்'. இரண்டு படிகளைச் சோடியாகக் கொண்டு, முதற்படியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் சற்றே தாமதப்படுத்துவது அதன் செயல். 120 வேகத்தில் ஒரு சோடிக்கு 250 மில்லி விநாடி. ஸ்விங் 50 விழுக்காடு என்றால் இரண்டாம் படி நடுவில், 125ஆவது மில்லி விநாடியில் விழும். 54 விழுக்காடு என்றால் 135இல். 66 விழுக்காட்டை ஒட்டியதும் மூன்றில் இரண்டு பங்காகி, நடை நான்கிலிருந்து மும்மைக்கு மாறிவிட்டதாகவே காது கொள்கிறது. வெறும் பத்து மில்லி விநாடி என்பது, ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் கடக்கும் நேரம்தான். அவ்வளவு சிறிய நகர்வால் ஒரு தாளம் விறைப்பிலிருந்து தளர்ந்து நடக்கத் தொடங்குவதை, திருகைத் திருப்பிக்கொண்டே கேட்கும் எவரும் உணரலாம்.

லின் பின்னர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1988இல் வெளிவந்த எம்.பி.சி.60, நான்குக்கு நான்காக அமைந்த பதினாறு ரப்பர் பட்டைகளை விரலால் தட்டி வாசிக்கும் முறையைப் புகுத்தியது. இன்றைய க்ரூவ்பாக்ஸ்களில் பொத்தான் வரிசை 808இன் வழியில் வந்ததென்றால், தட்டும் பட்டைகள் எம்.பி.சி.யின் வழியில் வந்தவை. இவ்விரு வழிகளுக்கும் நடுவே மறைந்திருக்கும் கருத்து வேறுபாடு ஆழமானது: ஒன்று தாளத்தை எழுதச் சொல்கிறது, மற்றொன்று வாசிக்கச் சொல்கிறது. வீட்டில் தொடங்குபவர் இரண்டையும் கலந்து, கிக் ஒலியைப் படிகளில் எழுதிவிட்டு, ஹை-ஹேட்டைக் குவான்டைஸ் இல்லாமல் விரலால் தட்டிப் பதிவு செய்தால், இறுக்கமும் நெகிழ்வும் ஒரே சுற்றில் சேர்ந்து கிடைக்கும். வேறெந்த எஃபெக்டைக் காட்டிலும் இசைக்கு உயிர் தரும் முறை இது.

கடிகாரத்தின் வேலை இவ்வளவில் நிற்க, ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு 808இன் கிக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் உள்ளே எந்த முரசின் பதிவும் கிடையாது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்த ஒரு சிறு மின்சுற்று, மணியைப் போலத் தட்டினால் அதிரும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. கடிகாரத்திலிருந்து ஒரு மின்துடிப்பு வந்து அதைத் தட்டியதும், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு ஐம்பது முறை அதிர்ந்து, மெல்ல மெல்ல அடங்குகிறது. அடங்கும் நேரத்தை நீட்டினால் முரசு, நீண்டு முழங்கும் அடிச்சுரமாகவே ஆகிவிடும். அதே கருவியின் ஜால்ரா ஒலிக்கு ஆறு சதுர அலைகள், ஒன்றுக்கொன்று இசையாத அதிர்வெண்களில் கலக்கப்படுகின்றன. உலோகத் தகடு அதிரும்போது எழும் ஒழுங்கற்ற அதிர்வுகளை அக்கலவை நினைவூட்டுகிறது. இரைச்சல் ஒலிக்காக, தரக்கட்டுப்பாட்டில் குறையுள்ளவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களையே ரோலண்ட் தேடி வாங்கியதாகக் காகேஹாஷி பின்னாளில் கூறியிருக்கிறார். குறைகடத்திகளின் தரம் உயர உயர அத்தகைய குறைப்பொருள் கிடைப்பது நின்றுபோயிற்று. ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 1983இல் உற்பத்தியும் முடிந்தது.

உண்மையான முரசைப் போல ஒலிக்கவில்லை என்பதே 808 மீது அக்காலத்தில் வைக்கப்பட்ட குறை. 808 வந்த அதே 1980இல் வெளியான லின்னின் எல்.எம்.-1, நிஜ முரசுகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டிருந்தது, விலையும் ஏறத்தாழ 5,000 டாலர். 808இன் விலை அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. பிறகு பழைய பொருள் கடைகளில் 808 இன்னும் மலிவாகக் கிடைத்தபோது, நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய நகரங்களின் கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள் அதை வாங்கிப் படுக்கையறைகளில் இசையமைத்தார்கள். ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' ஆகியவை 1982இல் அந்த ஒலியை உலகெங்கும் கொண்டு சென்றன. முரசைப் போலி செய்யத் தவறிய கருவி தனக்கே உரிய முரசாகி நின்றது என்பதுதான் சரியான மதிப்பீடு. இன்றைய க்ரூவ்பாக்ஸ்களில், 808இன் ஒலியைப் பின்பற்றாத ஒன்றைத் தேடினால்தான் கிடைக்கும்.

சுரம் எழுப்பும் பகுதிக்கு, ரோலண்டின் பொறியாளர் டடாவோ கிகுமோடோ வடிவமைத்த டி.பி.-303 சிறந்த பாடநூல். உள்ளே இருப்பது ஒரே ஓர் அலையியற்றி. அது ரம்பப்பல் வடிவ அலையையோ சதுர அலையையோ தரும். ரம்பப்பல் அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று எல்லாச் சீரிசைகளும் குறைந்துகொண்டே போகும் வலிமையில் கலந்திருக்க, சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் இருக்கும். அதனால்தான் முன்னது கரகரப்பாகவும் பின்னது குழலைப் போல உட்குழிவாகவும் ஒலிக்கின்றன. இந்த நிறைந்த ஒலியிலிருந்து வேண்டாததை நீக்குவது வடிகட்டியின் பணி. வெட்டு அதிர்வெண் என்ற எல்லைக்கு மேலுள்ளவற்றை அது மழுக்குகிறது. ஒத்ததிர்வுத் திருகைக் கூட்டினால், எல்லையில் நிற்கும் அதிர்வெண்களை மட்டும் ஓங்கச் செய்து, ஒருவர் வாயைக் குவித்தும் விரித்தும் உயிரெழுத்துகளை மாற்றி ஒலிப்பதைப் போன்ற விளைவைத் தருகிறது. ஒவ்வொரு சுரத்திலும் அந்த எல்லை எவ்வளவு வேகமாக உயர்ந்து தாழ வேண்டும் என்று வரையறுக்கும் காலவளைவுக்கு 'என்வலப்' என்று பெயர். தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞர்களுக்கு அடிச்சுரத் துணையாக விற்கப்பட்ட இக்கருவி அந்தப் பணியில் தோற்று, 1984இல் நிறுத்தப்பட்டது. 1987இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு, 303 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வடிகட்டித் திருகுகளைத் திருப்பி உருவாக்கிய 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பதிவு, ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே பெயர் தந்தது.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பு, 1982இல், மும்பையில் இந்தித் திரையிசைக் கலைஞரான சரண்ஜீத் சிங், 303, 808, ஜூபிட்டர்-8 ஆகிய ரோலண்ட் கருவிகளைக் கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு செய்திருந்தார். 303இல் அவருக்குக் கைகொடுத்தது 'ஸ்லைட்' எனப்படும் வசதி. குறித்த படியில் அதை இயக்கி வைத்தால், முந்தைய சுரம் அறுபடாமல் அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். பன்னிரண்டு சமப் பகுதிகளாக வெட்டப்பட்ட மேற்கத்திய சுரத்தானங்களில் ராகத்தின் நுண்சுருதிகள் அடங்கா என்பதும், கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியையே இசையாகக் கொள்வது என்பதும் உண்மை. ஒரே மாதிரியான வழுக்கலால் அதற்கு ஈடு செய்துவிட முடியாது. ஆயினும் அந்த வழுக்கல்கூட இல்லாதிருந்தால் அந்தப் பத்து ராகங்களும் பொத்தான் வரிசையில் உறைந்து நின்றிருக்கும். அக்காலத்தில் பெரிதாக விற்காத அந்தத் தட்டு 2010இல் மறுபதிப்பு பெற்றபோதுதான், ஆசிட் ஹவுஸின் ஒலி சிகாகோவுக்கு முன்பே மும்பையில் எழுந்திருந்ததை உலகம் கவனித்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஒரே கருவியை வெவ்வேறு தேவைகளோடு அணுகிய இருவேறு கைகள் அருகருகே வந்து சேர்ந்தன.

பிறக்கும் ஒலியைவிடப் பிடிக்கும் ஒலி இன்றைய க்ரூவ்பாக்ஸ்களில் முதன்மை பெற்றுவிட்டது. காற்றின் அழுத்த மாற்றத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக வைத்துக்கொள்வதே 'சாம்ப்ளிங்'. எந்த அதிர்வெண்ணைப் பதிய வேண்டுமோ அதன் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட் பெயரால் வழங்கும் விதி. மனிதச் செவியின் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ் என்பதால், 44,100 முறை அளப்பது போதுமானதாகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் என்றால் 65,536 நிலைகளில் ஒன்றாகப் பதியும். 1987இல் வந்த ஈமு எஸ்.பி.-1200இல் இவ்வசதி குறைவு: 26,040 முறை, 12 பிட், அதாவது 4,096 நிலைகள், மொத்தம் பத்து விநாடி நினைவகம். அந்தப் பத்து விநாடியை நீட்டிக்க, நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் 33 சுற்று இசைத்தட்டுகளை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் மீண்டும் மெதுவாக்கினார்கள். அப்போது ஒலியில் ஏறிய சொரசொரப்பு பிழை என்று கருதப்படவில்லை. அவர்களுடைய இசையின் நிறமாகவே அது நிலைத்தது.

மெதுவாக்கும் இந்தக் கணக்கே வீட்டுப் பொருள்களை வாத்தியமாக்கும் வழி. பதிந்த ஒலியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அது ஒரு முழு ஸ்தாயி தாழ்ந்து, இரு மடங்கு நீள்கிறது. ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் வேகம் ஏறத்தாழ 1.06 மடங்கு மாறுகிறது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒருமுறை தட்டி, கருவியின் சிறு மைக்கில் பதிந்து, இரண்டு ஸ்தாயி தாழ்த்தினால், பெரிய கோயில் மணியின் கார்வையை ஒத்த ஒன்று கிடைக்கும். கதவுத் தாழ்ப்பாளின் ஒலி ஸ்னேராகும்; அரிசியை முறத்தில் புடைக்கும் ஒலி, ஹை-ஹேட்டின் இடத்தில் மிக இயல்பாகப் பொருந்தும். ஆயத்த ஒலிகளின் தொகுப்பு உலகெங்கும் ஒன்றே என்பதால், அவற்றை மட்டும் கொண்டு செய்த இசை எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. கையால் பதிந்த ஒலி அப்படியன்று.

வீட்டில் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. கைபேசியின் ஒலிபெருக்கி 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய எழுப்பாது. மேலுள்ள சீரிசைகளைக் கொண்டு செவியே அடிச்சுரத்தை ஓரளவு ஊகித்துக்கொள்கிறது என்றாலும், கிக் ஒலியை அதில் கேட்டு அளவு வைத்தால் வேறு இடத்தில் அது அதிரடியாகிவிடும். கம்பியில்லா ஹெட்ஃபோனில் ஒலி, விரல் தட்டிய பிறகு உணரத்தக்க அளவு தாமதித்து வருவதால் தாளம் வாசிக்க முடியாது, கம்பி வேண்டும். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மிகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு; ஒரே சுற்றை மணிக்கணக்கில் கேட்கும் இத்தொழிலில் அதை மீறுவது மிக எளிது. இரண்டு சிறு கருவிகளை இணைக்க மிடி கூடத் தேவைப்படாமல் போகலாம்: கோர்க்கின் வோல்கா வரிசை, இரண்டு படிக்கு ஒன்றாக 5 வோல்ட் துடிப்பை ஒரு சாதாரண ஆடியோ கம்பி வழியே அனுப்பியே அடுத்த கருவியைத் தன்னோடு நடக்க வைக்கிறது.

சுற்றுகள் சுற்றுகளாகவே நின்றுவிடுவதுதான் இக்கருவிகளோடு உழைப்பவர்கள் பலரும் சந்திக்கும் தடை. இரண்டு விநாடி வரிசை எவ்வளவு இனிமையாக அமைந்தாலும், அது எங்கிருந்தோ புறப்பட்டு எங்கோ சேர்ந்தால்தான் உருப்படியாகும். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு தடத்தை அடக்குவதும், வடிகட்டியை மெல்லத் திறப்பதும், இறுதிப் படியில் ஓர் அடியைக் குறைத்து அடுத்த சுற்றின் முதலடிக்காகக் காக்க வைப்பதும் அதற்கான வழிகள்; பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் நிறுத்தாமல் கையால் இதைச் செய்து முடிப்பவர், படிப்படியாக எழுதிக்கொண்டே இருப்பவரைக் காட்டிலும் விரைவில் இசையை அடைகிறார். புதிய கருவி வாங்குவதைவிட, இருக்கும் ஒன்றில் பத்து உருப்படிகளை முடிப்பதே பயனுள்ளது.

இந்த அத்தியாயத்தின் கணக்கைக் காதால் சரிபார்க்க விரும்பும் வாசகர், எந்தக் க்ரூவ்பாக்ஸிலும் வேகத்தை 120இல் வைத்து, ஒரு தடத்துக்கு எட்டுப் படியும் இன்னொன்றுக்கு ஏழு படியும் கொடுத்து, இரண்டிலும் முதற்படியில் மட்டும் ஓர் ஒலியை வைத்து ஓடவிடலாம். முதலில் சேர்ந்து விழும் இரண்டு ஒலிகளும் அடுத்த சுற்றிலேயே விலகத் தொடங்கி, ஐம்பத்தாறு படிகள் கடந்து, சரியாக ஏழாவது விநாடி முடியும்போது மீண்டும் ஒன்றாக விழும்.